பூமியைப் படித்த தமிழர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன்



விஞ்ஞானி என்று சொன்னதும் நம் நினைவுக்கு வருகிறவர்கள் யார் யார்? நியூட்டன், ஐன்ஸ்டீன், சர் சி.வி. ராமன், டாக்டர் அப்துல் கலாம்... இவர்களைப் பற்றியெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். பேச்சுப் போட்டியில் பேசி சோப்பு டப்பாவும் டிபன் பாக்ஸும் பரிசாக வாங்கிவிட்டோம். அதனால் இந்த ஆண்டு மலருக்கு நான் எடுத்துக்கொண்டவர் வேறு ஒருவர். நிலவியல் படித்த யாரைக் கேட்டாலும் அவர் பெயரைச் சொல்வார்கள். ஆனால் அவர் வந்து பார்த்து உலகுக்குச் சொன்ன ஒரு அதிசயம் நம் பெரம்பலூர் மாவட்டத்திலேயே கம்பிவேலிக்குள் கிடக்கிறது. நம்மில் பாதிப்பேருக்கு அவர் யார் என்று தெரியாது.

அவர்தான் டாக்டர் மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன். சுருக்கமாக எம்.எஸ். கிருஷ்ணன்.

நான் மெக்கானிக்கல் மாணவன். நிலவியல் எனக்குப் பாடம் இல்லை. ஆனால் என் அப்பா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் டிப்பர் லாரி ஓட்டுகிறார். அம்மா பருத்திக்காட்டுக்கும் மக்காச்சோளக் கொல்லைக்கும் களை எடுக்கப் போகிறார். ஆக எங்கள் வீட்டுச் சோறு இந்த மண்ணுக்கு மேலிருந்து பாதி, மண்ணுக்குக் கீழிருந்து பாதி வருகிறது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். நாம சாப்பிடுற சோறு எங்கேருந்து வருதுன்னு படிச்சவன்தானே எழுதணும்? அதனால்தான் இந்தக் கட்டுரை.

தஞ்சையில் பிறந்தவர்

கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில் பிறந்தார். காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல் பூமி அது. வயலில் ஒரு கூழாங்கல் கிடைத்தாலே பிள்ளைகள் எடுத்துவைத்து விளையாடுவார்கள். அப்படிக் கல்லே இல்லாத ஊரில் பிறந்த பிள்ளைதான் பின்னால் இந்தியா முழுவதிலும் இருக்கிற கல்லுக்கெல்லாம் சரித்திரம் எழுதினார்!

தஞ்சையில் பள்ளிப் படிப்பு. பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி. அப்புறம் சென்னை மாநிலக் கல்லூரியில் நிலவியல். 1919-இல் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் படித்த பிள்ளை என்றால் வக்கீலாக வேண்டும், இல்லையென்றால் கலெக்டர் ஆபீஸ் உத்தியோகம் பார்க்க வேண்டும். சுத்தியலைத் தூக்கிக்கொண்டு காட்டில் கல் உடைக்கப் போகிறேன் என்று ஒரு பட்டதாரி கிளம்பினால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 

கிருஷ்ணன் லண்டன் போனார். இம்பீரியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்து 1924-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் உதவிக் கண்காணிப்பாளராகச் சேர்ந்தார்.

இந்தத் துறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இது 1851-இல் ஆரம்பிக்கப்பட்டது. ரயிலுக்கும் கப்பலுக்கும் நிலக்கரி வேண்டும், அது எங்கே கிடைக்கிறது என்று தேடுவதற்காக வெள்ளைக்காரர்கள் உண்டாக்கிய துறை. பெரிய பதவிகளில் எல்லாம் அவர்கள்தான். இந்தியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். கிருஷ்ணன் உள்ளே போனது அப்படிப்பட்ட இடத்துக்கு.

அவருடைய ஆரம்பகால உழைப்பில் பெரும்பகுதி ஒரிசாப் பக்கம். கங்பூர் என்ற சமஸ்தானத்தின் மலைகளையும் பாறைகளையும் ஆராய்ந்து 1937-இல் ஒரு முழு அறிக்கை வெளியிட்டார். இடையிடையே கல்லூரிகளில் மாணவர்களுக்குப் பாடமும் நடத்தினார். 

நம்ம ஊர்ப் பெயர் உலகப் புத்தகத்தில்

கிருஷ்ணன் நம் பகுதிக்கு வருவதற்கு எண்பது வருஷத்துக்கு முன்னாடியே இங்கே ஒருவர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு என்ற ஆங்கிலேயர். 1857 தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகள் அன்றைய திருச்சி ஜில்லாவை நடந்தே அளந்தார். அவருடைய அறிக்கை 1862-இல் வெளிவந்தது. பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவரும் அவரே.

பிளான்போர்டு என்ன கண்டார்? ஊட்டத்தூர், காரை, கொளக்காநத்தம், குன்னம், அரியலூர் என்று நாம் பஸ்ஸில் கடந்துபோகிற இந்த ஊர்களெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்தன என்று கண்டார். பத்துக் கோடி ஆண்டுக்கு மேல் முன்னால் ஆரம்பித்து, ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன்பு வரை கடல் இங்கே வந்து வந்து போயிருக்கிறது. ஏர் ஓட்டும்போது சுருள்சுருளாக வரும் நத்தைக் கல்லும், சுண்ணாம்புச் சுரங்கத்தில் அடுக்கடுக்காக இருக்கும் சிப்பியும் அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்கள். அந்தப் பாறைகளை வயதுப்படி மூன்று அடுக்காகப் பிரித்து, பழையதிலிருந்து புதியது வரை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் உலக நிலவியல் புத்தகங்களில் அரியலூர் என்ற பெயர் இருக்கிறது.

பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. பெயர் நம்முடையது, வெச்சது அவங்க. கல்லைச் சுமந்து கொடுத்த கூலியாள் நம் ஊர்க்காரர். எழுதினது, படிச்சது, பயன்படுத்திக்கிட்டது எல்லாம் வெளியூர்க்காரர்.

சாத்தனூர், 1940

1940-ஆம் ஆண்டில் டாக்டர் கிருஷ்ணன் சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடப்பதைப் பதிவு செய்தார். (சாத்தனூர் என்றதும் திருவண்ணாமலைப் பக்கத்து அணையை நினைக்காதீர்கள். இது நம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்.) ஓடைக் கரையில் படுத்திருக்கும் அந்த மரத்தின் நீளம் 18 மீட்டருக்கு மேல். சுமார் பத்துக் கோடி வயது. பட்டையும் கணுவும் மரம் மாதிரியே இருக்கும். தொட்டால் கல்! இன்று அது தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களில் ஒன்று.

ஊர் மக்களுக்கு அந்தக் கல் அதற்கு முன்பும் அங்கேதான் கிடந்தது. மாடு மேய்த்தவர்கள் அதன்மேல் உட்கார்ந்திருப்பார்கள். கிருஷ்ணன் செய்தது என்ன? அது எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதிலைச் சேர்த்து வைத்தார். 

கரையில் நின்ற மரம் விழுந்து, வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்ந்தது. அதன்மேல் சேறும் மணலும் மூடின. காற்றுப் படாததால் மரம் மக்கவில்லை. சேற்றுக்குள் ஊறிய தண்ணீரில் சிலிக்கா கரைந்திருந்தது. அது மரத்தின் ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளும் புகுந்து படிந்தது. லட்சக்கணக்கான வருஷத்தில் மரம் போய்விட்டது, மரத்தின் அச்சு அப்படியே கல்லாக நின்றுவிட்டது. நம் ஃபவுண்டரி ஒர்க்ஷாப்பில் மோல்டு எடுத்து வார்ப்பது மாதிரிதான். என்ன, இயற்கைக்கு ஹவர் கணக்கு கிடையாது!

மரம் கல்லாச்சு... எண்ணெயானது எது?

இங்கேதான் நண்பர்களே, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம் வருகிறது. சாத்தனூர் மரத்தைப் பார்க்கிற பலரும், பெட்ரோல் இப்படித்தான் மரமும் மிருகமும் புதைந்து உண்டாகிறது என்று நினைக்கிறார்கள். சில பேர் டைனோசர் புதைந்துதான் பெட்ரோல் ஆச்சு என்பார்கள். அப்படி இல்லை.

நிலத்தில் செழித்த காடு சதுப்பில் புதைந்தால் நிலக்கரி ஆகும். நம் பக்கத்து நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி அப்படி வந்ததுதான். பெட்ரோலியத்தின் மூலம் பெரும்பாலும் வேறு. கடல் தண்ணீரில் மிதந்து வாழும், கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்கள். அவை கோடிகோடியாகச் செத்து, மழைத் தூறல் மாதிரி கடலடிக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் மக்கிப் போய்விடும். ஆக்சிஜன் இல்லாத அமைதியான இடமாக இருந்தால் களிமண்ணோடு சேர்ந்து கறுப்புச் சேறாகப் படியும்.

அதன்மேல் இன்னும் சேறு, இன்னும் மணல். பாரம் ஏற ஏற அடியில் உள்ளது கீழே கீழே இறங்கும். ஆழம் கூடினால் சூடும் கூடும். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு ஏறும். அந்தச் சேற்றில் உள்ள உயிர்ப்பொருள் முதலில் கெரோஜன் என்ற மெழுகு மாதிரியான பொருளாக மாறுகிறது. 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி வரைக்குமான சூட்டில், பல லட்சம் ஆண்டுகள் வெந்து, அது எண்ணெயாக உடைகிறது. ஆழமாகச் சொன்னால் ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு கிலோமீட்டர். சூடு அதற்கும் மேலே போனால் எண்ணெயும் உடைந்து வாயு ஆகிவிடும். நம்ம அம்மா இட்லி ஊத்துற கணக்குதான். சூடு பத்தலைன்னா மாவு, சரியா இருந்தா இட்லி, அடி பிடிச்சா வீண்!

அப்புறம் என்ன நடக்கும்? எண்ணெய் தண்ணீரைவிட லேசு. பாறையின் துளைகளுக்குள் இருக்கும் தண்ணீரை விலக்கிக்கொண்டு அது மேலே மேலே ஏறப் பார்க்கும். வழியில் மணற்பாறை இருந்தால் அதன் துளைகளில் தேங்கும். பூமிக்குள் எண்ணெய்க் குளம் எதுவும் கிடையாது. நனைந்த செங்கல்லில் தண்ணீர் இருக்கிற மாதிரி பாறைக்குள் எண்ணெய் இருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேலே நெருக்கமான களிப்பாறை மூடிபோட்ட மாதிரி இருக்க வேண்டும். பாறை அடுக்கு கவிழ்த்த சட்டி மாதிரி வளைந்தோ, உடைந்து நகர்ந்தோ, எண்ணெயைத் தப்பவிடாமல் பிடிக்க வேண்டும். வேகிற பாறை, தேங்குகிற பாறை, மூடுகிற பாறை, பிடிக்கிற அமைப்பு. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் கிணற்றில் எண்ணெய் இல்லை.

இப்போது காரைக்குப் போய்ப் பாருங்கள். மழை அறுத்த களிமண் மேடுகள். அந்தக் களி ஊட்டத்தூர் அடுக்கைச் சேர்ந்த கடலடிச் சேறு. அதே காலத்துக் களிமண் கிழக்கே சரிந்து சரிந்து, தஞ்சை, நாகைப் பக்கம் பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. இங்கே மேலேயே இருப்பதால் அது வேகவில்லை. அங்கே ஆழத்துக்குப் போனதால் வெந்தது. மேலே வண்டல் மூடிவிட்டதால் தஞ்சையில் அதைப் பார்க்கவே முடியாது. இங்கே நம் காலடியில் திறந்து கிடக்கிறது. காவிரிப் படுகையின் புத்தகத்தை நடுவில் பிரித்து வைத்த பக்கம் மாதிரி நம் இரண்டு மாவட்டமும். அந்தப் படுகையில் எண்ணெய் வெந்த மிக ஆழமான அடுக்குக்கு வல்லுநர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ஆண்டிமடம்! ஆமாம், நம் அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம்தான்.

மாணவனுக்காக ஒரு புத்தகம்

மறுபடி டாக்டர் கிருஷ்ணனுக்கு வருவோம். 1943-இல் அவர் எழுதிய ஜியாலஜி ஆஃப் இந்தியா அண்ட் பர்மா என்ற நூல் சென்னையில் மெட்ராஸ் லா ஜர்னல் வெளியீடாக வந்தது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். அதற்கு முந்தைய ஆண்டுதான் பர்மாவை ஜப்பான் பிடித்திருந்தது. இந்தியாவுக்கு எண்ணெய் வந்துகொண்டிருந்த ஏனாஞ்சாங் கிணறுகளைப் பின்வாங்கிய பிரிட்டிஷார் தாங்களே அழித்துவிட்டுப் போயிருந்தார்கள். இங்கே மிஞ்சியது அசாமில் 1889-இல் எண்ணெய் கண்ட திக்பாயும் வடமேற்கே அட்டாக் பகுதியும்தான். ஒரு நாட்டுக்குத் தன் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

அதற்கு முன்பு இந்திய நிலவியல் பற்றி நூறு வருஷத்து விவரங்கள் இருந்தன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி ஆய்வுத் துறையின் தடித்தடியான அறிக்கைகளில் சிதறிக் கிடந்தது. கிருஷ்ணன் அவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தி ஒரே புத்தகத்தில் மாணவன் கையில் கொடுத்தார். எந்தப் பாறை எந்த வயது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதில் என்ன உயிர் இருந்தது, என்ன தாது கிடைக்கும்... நம் ஊட்டத்தூரும் அரியலூரும் அதில் உண்டு. பதிப்புக்குப் பதிப்பு திருத்தினார். அவர் மறைந்த பின்னும் அந்த நூல் அச்சாகி வந்தது. இந்தியாவில் நிலவியல் படித்த பல தலைமுறைக்கு அது ஒரு முக்கியமான பாடப் புத்தகம்.

நூறாவது வருஷத்து நாற்காலி

சுதந்திரம் வந்தது. 1948-இல் தொடங்கிய இந்தியச் சுரங்கத் துறை அலுவலகத்தின் பொறுப்பையும் கிருஷ்ணன் ஏற்றார். 1951-இல் நிலவியல் ஆய்வுத் துறைக்கு நூறு வயது நிறைந்தது. அந்த ஆண்டில்தான் முதன்முதலாக ஓர் இந்தியர் அதன் இயக்குநர் ஆனார். அவர் நம் தஞ்சாவூர்க்காரர் எம்.எஸ். கிருஷ்ணன்! அதே ஆண்டு சென்னை மாகாணத்தின் கனிம வளம் பற்றிய அவருடைய நூலும் வந்தது.

1955 வரை அந்தப் பதவியில் இருந்தார். அதே 1955-இல்தான் மத்திய அரசு எண்ணெய் தேடுவதற்குத் தனி இயக்ககம் ஒன்றை ஏற்படுத்தியது. அதற்கு ஆட்கள் எங்கிருந்து போனார்கள்? இந்த நிலவியல் துறையிலிருந்துதான். 1956-இல் அது ஓஎன்ஜிசி என்ற ஆணையமாக வளர்ந்தது. 1958-இல் குஜராத்தில் காம்பே, 1960-இல் அங்கிலேஷ்வர், 1974-இல் பம்பாய் ஹை என்று வரிசையாக எண்ணெய் கிடைத்தது. நம் நாட்டில் எண்ணெய்க்கு வழியில்லை என்று பேசிய காலம் மாறியது.

ஓய்வுபெற்றதும் கிருஷ்ணன் ஈஸிசேரில் சாய்ந்துவிடவில்லை. தன்பாத் சுரங்கப் பள்ளிக்கு இயக்குநர். பிறகு வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் நிலவியல், புவி இயற்பியல் துறைத் தலைவர். 1961-இல் ஐதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரும் அவர்தான். அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சுத்தியலால் கல்லைத் தட்டிப் படித்தவர், கண்ணுக்கே தெரியாத ஆழத்தைக் கருவியால் படிக்கும் நிறுவனத்தை அந்த வயதில் கட்டினார்.

துளை போடும் வித்தை

கருவியால் படிப்பது என்றால் என்ன? இங்கே நம்ம மாதிரி டிப்ளமோ மாணவர்களுக்கு வேலை இருப்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் புவியீர்ப்பு அளவு. கீழே கனமான கடும்பாறை மேலே இருந்தால் ஈர்ப்பு ஒரு துளி கூடும். ஆழமான பள்ளத்தில் லேசான வண்டல் பாறை நிறைந்திருந்தால் ஒரு துளி குறையும். அடுத்து நில அதிர்வு ஆய்வு. மேலே சின்ன வெடி வைத்தோ அதிர்வு கொடுத்தோ, ஒவ்வொரு பாறை அடுக்கிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி எத்தனை நேரத்தில் வருகிறது என்று பதிவு செய்வார்கள். அதை வைத்துப் பூமிக்குள் குறுக்குவெட்டுப் படம் வரைந்துவிடலாம். கவிழ்த்த சட்டி எங்கே இருக்கிறது என்று அதில் தெரியும். ஆனால் சட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது துளை போட்டால்தான் தெரியும்.

நம்ம ஊரில் போர் வண்டி வந்து போர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தி, பாறைத் தூளை வெளியே ஊதித் தள்ளுவார்கள். ஆயிரம் அடியில் முடிந்துவிடும். எண்ணெய்க் கிணறு ஆயிரக்கணக்கான மீட்டர். அங்கே காற்றுக்குப் பதில் சேறு. சுமார் 9 மீட்டர் நீளக் குழாய்களை ஒன்றோடு ஒன்று திருகி, நுனியில் பல்வைத்த பிட்டை மாட்டிச் சுழற்றுவார்கள். குழாய்க்குள் பம்ப் செய்யும் சேறு பிட்டின் துளை வழியாகப் பீச்சி, அதைக் குளிரவைத்து, வெட்டிய தூளைச் சுமந்துகொண்டு வெளிப்பக்கமாக மேலே வரும். அந்தத் தூளில் உள்ள நுண்ணுயிர்ப் படிவங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பிட்டு இப்போது எந்த வயதுப் பாறையில் இருக்கிறது என்று நிலவியலாளர் சொல்வார். நம் காரையிலும் அரியலூரிலும் மேலே கிடக்கும் உயிர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அங்கே நடக்கும்.

சேற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பத்து மீட்டர் தண்ணீருக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்று நாம் ஹைட்ராலிக்ஸில் படித்திருக்கிறோம். 3000 மீட்டரில் 300 கிலோ! அப்பா ஓட்டுகிற டிப்பர் டயரில் இருப்பது எட்டுக் கிலோ வாக்கில்தான். அந்த அழுத்தத்தில் உள்ள எண்ணெயும் வாயுவும் சீறி வராமல் தடுப்பது சேற்றின் எடை. எடை போதவில்லை என்றால் பேரைட் தூள் கலப்பார்கள். அதையும் மீறி வந்தால் மூடுவதற்குக் கிணற்று வாயில் கனமான தடுப்பு வால்வுகள்.

கொஞ்ச ஆழம் போனதும் இரும்புக் குழாயை இறக்கி, அதற்கும் பாறைக்கும் நடுவே சிமெண்ட் கலவையை ஏற்றி இறுக்குவார்கள். மேலே உள்ள நல்ல தண்ணீரோடு கீழே உள்ளது கலக்காமல் காப்பது இந்தச் சிமெண்ட்தான். எண்ணெய் உள்ள மட்டத்தில் குழாயைத் துளைத்துவிட்டால் அது உள்ளே வடியும். தலைப்பில் கிறிஸ்துமஸ் ட்ரீ என்று சொல்லும் வால்வுக் கூட்டம். முதலில் தானாக வரும். அழுத்தம் குறைந்ததும் தலையாட்டும் பம்பு வைத்தோ, வாயு செலுத்தியோ, பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் ஏற்றித் தள்ளியோ எடுப்பார்கள். அப்படியும் பாறையில் உள்ளதில் பாதிக்கு மேல் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும்.

காவிரிக்கு அடியில்

1964-இல் காரைக்காலில் ஓஎன்ஜிசி முதல் ஆழ்துளையைத் தொடங்கியது. அப்போது டாக்டர் கிருஷ்ணன் உயிரோடு இருந்தார். 1970-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டே காலமானார். 1985-இல் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993-இல் அதன் அருகே சுத்திகரிப்பு ஆலை வந்தது. கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால், புவனகிரி என்று பட்டியல் நீண்டது. அவர் பிறந்த தஞ்சைச் சீமைக்கு அடியிலேயே எண்ணெய் இருந்தது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

எண்ணெய் வந்ததோடு கேள்வியும் வந்தது. நெல் விளைகிற மண்ணில் துளை போடலாமா? குடிதண்ணீர் என்னாகும்? விவசாயிகள் போராடினார்கள். 2020-இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிச் சட்டம் போட்டு, புதிதாக எண்ணெய், வாயு எடுப்பதைத் தடுத்தது. அந்த மண்டலத்தில் அரியலூர் சேரவில்லை. 2021-இல் அரியலூர் மாவட்டத்தில் பத்து ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசி விண்ணப்பித்தது. தமிழ்நாட்டில் அது ஏற்கப்படாமல் திரும்பியது.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் டீக்கடையில் இதே பேச்சு. ஒருத்தர் எல்லாருக்கும் வேலை கிடைக்கும் என்றார். இன்னொருத்தர் போர்த் தண்ணியெல்லாம் எண்ணெயாயிடும் என்றார். இரண்டு பேருக்கும் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. அம்மா மட்டும் சரியான கேள்வி கேட்டார்கள்: தண்ணி எந்த ஆழத்துல இருக்கு, அதுங்க எந்த ஆழத்துல தோண்டும், நடுவுல என்ன இருக்கு? எழுதப் படிக்கத் தெரியாதவங்க கேட்ட கேள்விதான் முழு நிலவியல். அதற்கு விடையில் பாதி பாறையில் இருக்கிறது. மீதிப் பாதி அந்தக் குழாயும் சிமெண்டும் எவ்வளவு ஒழுங்காக இறங்கியிருக்கிறது, எத்தனை வருஷம் தாங்கும் என்பதில் இருக்கிறது. அந்தப் பாதி நம்ம படிப்பு.

துளை போடணும், போடக்கூடாது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வயசு பத்தாது. ஆனால் ஒன்று சொல்வேன். அந்த முடிவு எடுக்கிற மேஜையில் மண்ணைப் படிக்கத் தெரிந்த நம்ம ஊர்ப் பிள்ளை ஒருத்தராவது உட்கார்ந்திருக்க வேண்டும். விவசாயிக்கு விவசாயி பாஷையிலும், என்ஜினீயருக்கு என்ஜினீயர் பாஷையிலும் பதில் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பிளான்போர்டு காலத்தில் நாம் கல் சுமந்தோம். கிருஷ்ணன் காலத்தில் ஒரு தமிழர் அந்தத் துறையின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார். டிப்பர் ஓட்டுகிறவர் மகன்களும் களை எடுக்கிறவர் மகள்களும் போய்ச் சேர வேண்டிய இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நிறைவாக

நண்பர்களே! செமஸ்டர் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்தனூர் போய்வாருங்கள். வாரணவாசியில் அரசு வைத்திருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பாருங்கள். கல்லைப் பெயர்த்து எடுத்துவராதீர்கள். பார்த்துவிட்டு வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு அது என்ன என்று எடுத்துச் சொல்லுங்கள். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் டிப்ளமோவோடு நிற்காமல் சுரங்கம், பெட்ரோலியம், புவி இயற்பியல் பக்கம் மேற்படிப்புக்கும் வழி இருக்கிறதா என்று விசாரித்து வையுங்கள். என் தங்கை இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். பிளஸ் டூவில் சயின்ஸ் எடுத்து ஜியாலஜி படிக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா முதலில் சிரித்தார். இப்போது லாரியிலிருந்து அவளுக்குச் சிப்பிக் கல் கொண்டுவந்து கொடுக்கிறார்.



– இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் என்ஜினீயரிங்